இரும்புக்கை மாயாவி இப்போ ஒரு கேம் கம்பெனி கையில! ரசிகர்களே, பர்ஸ் பத்திரம்

போன வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, பழைய கேம் எல்லாம் ரீமாஸ்டர்னு திரும்ப வருது. புதுசும் வருது. ப்ரீ-ஆர்டர் போடலாமா?" இதுக்குப் பதில் சொல்ல, நான் ஏமாந்த ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கணும்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. சனிக்கிழமை சம்பளம் வந்தா ஒரு கடலைமிட்டாய் பாக்கெட், சில வாரம் கூடவே ஒரு காமிக்ஸ். அந்த காமிக்ஸ் அச்சானது தூரத்துல இல்ல, சாத்தூர் தாண்டி சிவகாசியில. மழையை நம்ப முடியாத நம்ம வறண்ட பூமியில தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்தானே சோறு போட்டது! அங்கேதான் 1972ல சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சார். முதல் ஹீரோ இரும்புக்கை மாயாவி. 1984ல அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். இன்னைக்கும் அந்த வாசகர்கள் கேட்கிறது ரெண்டே விஷயம்: "புதுசு எப்போ? பழசு மறுபதிப்பு எப்போ?" கேம் ரசிகர்கள் கேட்கிற அதே கேள்வி!

மாயாவிக்கு முதலாளி யாரு?

மாயாவி 1962ல இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழ்ல பிறந்தவர். அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பொக்கிஷத்தை 2018ல வாங்கினது ரெபெல்லியன். ஆமாங்க, 'ஸ்னைப்பர் எலைட்' கேம் செய்யுற அதே ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி. 1992ல ரெண்டு சகோதரர்கள் ஆரம்பிச்சது. மாயாவியோட ஸ்பைடரும் இப்போ அவங்ககிட்டதான். 2012ல வந்த 'ஸ்னைப்பர் எலைட் வி2'வை 2019ல ரீமாஸ்டர் பண்ணி வித்தாங்க. 2006ல வந்த 'ரோக் ட்ரூப்பர்' 2017ல மறுபடி வந்தது. அந்த ரோக் ட்ரூப்பரும் காமிக்ஸ்ல இருந்து வந்த ஆள்தான். அப்போ மாயாவிக்கும் ஒரு கேம் வராதான்னு எனக்கும் ஆசைதான்!

ஆனா பணக் கண்ணோட இதைப் பாருங்க. கதையோட உரிமை வெச்சிருக்கவங்களுக்கு அது சொத்து. புத்தகமா, மறுபதிப்பா, கேமா திரும்பத் திரும்பச் சம்பாதிச்சுக் கொடுக்கும். நாம வாங்குற பிரதி நமக்குச் செலவு. சந்தோஷமான செலவு, ஆனா செலவுதான். இது புரியாமத்தான் நான் அடி வாங்கினேன்.

என் 4,000 ரூபாய் கதை

'இரத்தப் படலம்' தெரியும்ல? ஞாபகம் இழந்த XIIIஆம் நம்பர் ஆளோட கதை. 2010ல 18 பாகங்களையும் ஒரே புத்தகமா, கருப்பு-வெள்ளையில, 200 ரூபாய்க்குப் போட்டாங்க. அப்போ நான் தவறவிட்டுட்டேன். சில வருஷம் கழிச்சு ஒருத்தர்கிட்ட 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "இது இன்வெஸ்ட்மென்ட்"னு வீட்ல பெருமை வேற!

2018ல அதே கதை வண்ணத்துல மறுபதிப்பா வந்துச்சு. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. புத்தகத்தை விக்கலாம்னு கேட்டா, எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான்: "கலர்லயே வருதேண்ணே!" கடைசியில 1,500க்குப் போச்சு. 2,500 ரூபாய் நஷ்டம். அதைவிட, அவசரத்துக்கு உதவும்னு நம்பினது உதவலையேங்கிறதுதான் வலிச்சது.

'கிடைக்கல' அப்படிங்கிறதுக்காக ஏறின விலை, 'கிடைக்குது'ன்னதும் இறங்கிடும். அபூர்வம்னு சொல்லி யாராவது விலை ஏத்தினா, முதல்ல கேளுங்க: இதைத் திரும்ப அச்சடிக்க யாராலயாவது முடியுமா? முடியும்னா, அது தங்கம் இல்ல.

முன்பதிவு: எதுக்கு சரி, எதுக்கு வேண்டாம்?

1. சின்னப் பதிப்பகத்துக்கு முன்பதிவு நியாயம். எத்தனை பிரதி அச்சடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும், நமக்கும் பிரதி உறுதி. குறைவா அச்சடிக்கிற புத்தகம் நிஜமாவே தீர்ந்து போகும்.

2. டவுன்லோட் பண்ணுற கேமுக்கு அவசரமே இல்ல. அது தீராத சரக்கு. அதே XIII கதை 2003ல கேமா வந்து பேர் வாங்குச்சு. 2020ல ரீமேக் வந்தப்போ ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க, அவ்வளவு குறை. 2022ல பெரிய அப்டேட் போட்டுத்தான் சரி பண்ணாங்க. முதல் நாளே முழு விலை கொடுத்தவங்க ரெண்டு வருஷம் காத்திருந்தாங்க. பொறுமையா இருந்தவங்களுக்குச் சரியான கேம் கிடைச்சுது.

3. ஸ்டீம்ல வாங்கினா ஒரு விதி ஞாபகம் வைங்க: வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா பணம் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்கிறதே இல்ல.

4. ஆசைக்குன்னு தனி ஆர்.டி. போடுங்க. மாசம் 400 ரூபாய் போட்டா வருஷத்துக்கு 4,800, வட்டி தனி. புத்தகமோ கேமோ, அதுக்குள்ள முடிங்க. இ.எம்.ஐ., கிரெடிட் கார்டு பக்கம் போகாதீங்க. அவசர நிதியில கை வைக்கவே கூடாது.

நம்ம கரிசக்காட்டு மானாவாரி விவசாயியைப் பாருங்க. மழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்துக்கிடப்பார். ஆனா மழை வரும்ங்கிற நம்பிக்கையில விதைக்கு வெச்சதை எடுத்துச் செலவு பண்ண மாட்டார். காத்திருக்கிறதுக்குக் காசு கிடையாது நண்பர்களே. அவசரத்துக்குத்தான் காசு.

நானும் காத்துட்டுதான் இருக்கேன். மாயாவி கேம் வந்தா கண்டிப்பா வாங்குவேன், ரிவ்யூ பார்த்துட்டு!

நீங்க அதிக விலை கொடுத்து வாங்கி, அப்புறம் மறுபதிப்பு வந்து நொந்துபோன கதை இருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.