உப்புக் கணக்கர் கட்டிய பாட்டு

பிரெஞ்சுக்காரர்களின் 'ஷான்சோன்' பாட்டில் சொல்லுக்குத்தான் முதல் மரியாதை. செத் துறைமுகத்தில் 1921-இல் பிறந்த ஜார்ஜ் பிராசன்ஸ் பாடினால் கிதார் பின்னால் நிற்கும், வரி முன்னால் வரும். நம்மில் அப்படி ஒருவரைத் தேடினால் தூத்துக்குடிக்குத்தான் வரவேண்டும். அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்குப் போன சங்கரதாஸ் சுவாமிகள்தான் அவர். முத்துக்கும் வ.உ.சி.யின் கப்பலுக்கும் பேர்போன ஊர் இவரை அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்கிறவர்களும் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று மாலை போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டம் பாட்டுக்காரரை மறைத்துவிட்டது என்பது என் கட்சி.

அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' நாடகத்தின் கதை தெரியாதவர் யார்? முருகன் வள்ளியைக் கைப்பிடிப்பாரா என்று அறியவா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கப் பாட்டுக்காகத்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும்போது, வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்று மாலைதான் ஒன்றுகூடுவார்கள்; ஒத்திகை கிடையாது. ஆர்மோனியம் சுருதி எடுத்ததும் அவர்களை ஒரே நாடகத்துக்குள் கட்டிப்போடுவது சுவாமிகளின் பாட்டுதான். வசனத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி வளர்த்துக்கொள்ளலாம். பாட்டுத் தப்பினால் நாடகமே தப்பிவிடும்.

மெட்டு அவருடையதல்லவே என்பார்கள். பார்சி நாடகக் குழுக்களின் இந்துஸ்தானி மெட்டு, காவடிச்சிந்து, கீர்த்தனை எல்லாவற்றிலும் கை வைத்தவர்தான். ஆனால் இரவல் மெட்டில் தமிழ் நெருடாமல் உட்காருவதற்கு யாப்பு கைவந்திருக்க வேண்டும். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டவருக்கு அது வந்தது. இன்னொரு மறுப்பு கனமானது: ஷான்சோன்காரர் தன் வரியைத் தானே பாடுவார், இவரோ பிறர் குரலுக்கு எழுதினார். பாதி உண்மை. எமனாகவும் இரணியனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையேறிய காலத்தில் தானே பாடினார். பிறகு பாடியவர்கள் கிட்டப்பா, டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற சிறுவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால், பிஞ்சுத் தொண்டைக்குச் சொல் தெளிவாக அமைய வேண்டும். பிறருக்காக எழுதியதே அவர் தமிழைத் தீட்டியது என்பேன்.

கடைசியில் பக்கவாதம் அந்த நாவைக் கட்டிப்போட்டது. 1922 நவம்பர் 13 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் காலமானார். செத்தில் பிராசன்ஸுக்கு அப்போது ஒரு வயது. சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிற தூத்துக்குடிக்காரர்கள் அங்கேயும் ஒரு எட்டுப் போய் வாருங்கள்.