நைரோபி நகரின் வெயிலும் வீட்டு மின்சாரமும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் இரவு கென்யா நாட்டின் பெரும்பகுதி இருளில் ஆழ்ந்தது. தலைநகராகிய நைரோபியின் பன்னாட்டு விமான நிலையமுங்கூட அவ்விருளுக்குத் தப்பவில்லை. நாட்டின் மின்வழங்கல் தொகுதி செயலிழந்தமையே காரணம். இத்தகைய இரவைக் கண்டவர்களும், நகருக்கு வெளியே வீடு கட்டி மின்கம்பம் வந்து சேருமென்று காத்திருப்பவர்களும், கூரைமீது சூரியத் தகடுகளை அமைத்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே பெற விரும்புவது இயல்பு. பூமத்திய கோட்டிலிருந்து ஒன்றேகாற் பாகை தெற்கே அமைந்த ஊருக்கு வெயிலில் என்ன குறை என்றுதான் எவருக்கும் தோன்றும். குறை உண்டு. அது வரும் மாதத்தை அறியாமற் பணத்தைச் செலவிடுவோர், சேமிப்புக் கலத்தை இரண்டொரு ஆண்டிலே பழைய இரும்புக்காரனிடம் கொடுக்க நேரிடும்.

நைரோபியில் ஞாயிறு காலை ஆறரை மணியளவில் எழுந்து மாலை ஆறரை மணியளவில் மறைகின்றது. பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதிலும் பத்து நிமிட அளவுக்கு மேல் வேறுபடுவதில்லை. மார்ச், செப்ரெம்பர் மாதங்களில் ஞாயிறு உச்சிக்கு நேரே நிற்கும். மிகச் சாய்ந்து நிற்கும் யூன் மாதத்திலும் நண்பகலில் அடிவானத்திலிருந்து 65 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டன் போன்ற நகரங்களில் மாரிக்கும் கோடைக்கும் உள்ள பெருவேறுபாடு இங்கு இல்லை.

ஆயினும், வானியல் கொடுப்பதை முகில் பறித்துக்கொள்கின்றது. யூன் முதல் ஓகஸ்ட் வரை இந்து சமுத்திரத்திலிருந்து வீசும் தென்கீழ்க் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து, ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரத்திலுள்ள அம்மேட்டு நிலத்தில் ஏறுகின்றது. ஏறுங்காற்று குளிர்ந்து, தாழ்ந்த சாம்பல்நிற முகிற்படலமாய் நகரின்மேற் கவிகின்றது. பெரும்பாலும் அது மழையாகப் பெய்வதுமில்லை, விலகுவதுமில்லை. அந்தக் காற்றோட்டத்தின் தொடர்ச்சியே பூமத்திய கோட்டைக் கடந்து திரும்பி, இலங்கைக்குத் தென்மேற் பருவக்காற்றாக வந்து சேர்கின்றது. இங்கே மழையைத் தருங் காற்று அங்கே வெயிலை மறைக்கின்றது.

வெயிலை அளப்பதற்கு ஓர் எளிய முறையுண்டு. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் ஒளியின் வலு ஏறக்குறைய 1,000 வாற்று. நாள் முழுவதும் விழும் ஒளியைத் திரட்டி, அஃது இத்தகைய முழுவெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று கூறுவர். நைரோபியில் பெப்ரவரியில் இது ஆறு மணிக்கும் மேல். யூலையில் நாலரை மணியளவு. ஆண்டுச் சராசரி ஐந்தரை மணியளவு. சராசரி என்பது இங்கே மிகவும் ஏமாற்றுகின்ற எண்.

ஒரு சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 7 வாற்று விளக்குகள் ஆறு, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 210 வாற்று மணி செலவாகும். 40 வாற்றுத் தொலைக்காட்சிப் பெட்டி நான்கு மணி நேரத்துக்கு 160 வாற்று மணி எடுக்கும். வானொலிக்கும் கைப்பேசிகளுக்கும் 50. சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு 580. மொத்தம் 1,000 வாற்று மணி. இதிலே பாதிக்கு மேற்பட்டதைக் குளிர்சாதனப் பெட்டியே உண்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை வாற்றுத் தகடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கடைக்குச் செல்வோர் பலர். வீட்டிலே எது எத்தனை மணி நேரம் இயங்குகின்றது என்று எழுதிக்கொண்டு செல்வோர் சிலரே. பின்னவருக்கே பணம் மிஞ்சும்.

தகட்டிற் பொறித்துள்ள வலு முழுவதும் வீட்டுக்கு வந்து சேராது. தூசி, கம்பி, மின்மாற்றுக் கருவி, சேமிப்புக் கலம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு 65 கிடைக்குமென்று கொள்வது பாதுகாப்பானது. வெப்பத்தால் ஏற்படும் இழப்பும் இதில் அடங்கும். தகடு சூடேறும்போது, 25 பாகை வெப்பநிலைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் வலுக் குறையும். கடற்கரை நகரமாகிய மொம்பாசாவைவிடக் குளிர்ந்த நைரோபிக்கு இதிலே சிறிது ஆதாயமுண்டு.

இனி, ஆண்டுச் சராசரியாகிய ஐந்தரை மணியை நம்பிக் கணக்கிட்டால் 280 வாற்றுத் தகடு போதுமென்று விடை வரும். யூலை மாதத்தில் அதே தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 820 வாற்று மணியே தரும். 180 குறைகின்றது, தொலைக்காட்சிப் பெட்டி எடுப்பதிலும் அதிகம். இந்தக் குறையை நாள்தோறும் சேமிப்புக் கலமே ஈடுசெய்ய வேண்டும். இரண்டு நாட் செலவுக்குப் போதிய 2,000 வாற்று மணி அதில் இருந்தாலும் பதினொரு நாளில் அது தீர்ந்துவிடும். அதற்குப் பின் வீட்டார் இருளில் இருப்பதோடு காரியம் முடியாது. ஈய அமிலக் கலமொன்று நிறைவடையாத நிலையிலே கிழமைக்கணக்காகக் கிடந்தால், அதன் தட்டுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். முகில் விலகி வெயில் வந்தபின்னும் இழந்த கொள்ளளவு முழுமையாகத் திரும்புவதில்லை.

ஆகவே, மிகக் குறைந்த மாதமாகிய யூலையின் நாலரை மணியையே கணக்கின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டால் 342 வாற்று வரும். வெறுமையான கலத்தை மீண்டும் நிரப்புவதற்கும் சிறிது மிச்சம் வேண்டுமாதலால் 400 வாற்று அமைப்பதே தகும். தகட்டின் விலை முன்னாளிலும் பன்மடங்கு குறைந்துவிட்டது. கலத்தின் விலையோ இன்னும் கடினமே. 120 வாற்று கூடுதலான தகட்டினால் ஒரு கலத்தின் ஆயுளைக் காப்பது நல்ல வாணிகம்.

கலத்தின் அளவு, அதன் இனத்தைப் பொறுத்தது. ஈய அமிலக் கலத்தைப் பாதிக்கு மேல் வெறுமையாக்குதல் தகாது. ஆதலின் இரண்டு நாட் செலவாகிய 2,000 வாற்று மணிக்கு 4,000 வாற்று மணிக் கலம் வேண்டும். 24 வோல்ற்று அமைப்பில் அது 167 அம்பியர் மணி. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலமாயின் நூற்றுக்கு 80 வரை பயன்படுத்தலாம். 2,500 வாற்று மணி போதும்.

தகட்டை எத்திசையிற் சாய்ப்பது? முகில் மூடும் யூன், யூலை மாதங்களில் ஞாயிறு நைரோபிக்கு வடக்கே நிற்கின்றமையால், பத்துப் பதினைந்து பாகை வடக்கு நோக்கிச் சாய்ப்பதே முறை. முகில் ஒளியைச் சிதறச் செய்வதால் இதன் ஆதாயம் சிறிதே. மழைநீர் தேங்காமல் ஓடித் தூசியைக் கழுவிச் செல்வது மறுபயன். நிழலே இதனினும் பெரிய பகை. தகட்டிலுள்ள சிறு கலங்கள் சங்கிலித் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் கிளைநிழலும் முழுத்தகட்டின் வலுவைப் பெரிதுங் குறைக்கும். நைரோபி வீதிகளில் யக்கறண்டா மரங்கள் மிகுதி. ஒக்ரோபரில் அவை உதிர்க்கும் ஊதா நிறப் பூக்கள் காண்பதற்கு அழகியவை. தகட்டின்மீது ஒட்டிக்கொண்டால் ஏணிவைத்து ஏறித் துடைத்தே ஆகவேண்டும்.