கறுப்பு மணலும் கற்க வேண்டிய பாடமும்

– ஃபிரிஸ்கோவிலிருந்து எமது கட்டுரையாளர் –

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையில் நடந்து திரிந்தவர்கள் காலடியில் மினுங்கும் கறுப்பு மணலை மறந்திருக்க மாட்டார்கள். பருவக்காற்று வீசும் காலத்தில் கடலலைகளே அதனைக் கரையிற் சேர்த்துவிட்டுச் செல்லும். இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் இத்துணைச் செறிவாகக் கிடைக்கும் கரைகள் உலகில் மிகச் சிலவே. வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணம் முதல் விமானத்தின் உறுப்புகள் வரை பயன்படும் தைத்தேனியம் பெரும்பாலும் இல்மனைற்றிலிருந்தே பெறப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்கா 2022இல் வெளியிட்ட 50 இன்றியமையாக் கனியங்களின் பட்டியலில் தைத்தேனியமும் சேர்க்கோனியமும் இடம்பெற்றுள்ளன.

எமது கரையின் மணல் இன்று வல்லரசுகள் தேடும் பொருளாகியுள்ளது. அதனை யார் அகழ்வது, எவ்வாறு அகழ்வது, அகழ்ந்த குழியை யார் நிரப்புவது என்னும் வினாக்களுக்கு விடை கூறத்தக்க அறிவு எம்மிடம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

டெக்ஸாஸில் நிகழ்வது

எம்மவர் பலர் வாழும் ஃபிரிஸ்கோ நகரிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஃபோர்ட் வேர்த்தின் வடபகுதியை அடையலாம். மின்சார வாகனங்களின் இயந்திரங்களுக்கு வேண்டிய நிரந்தரக் காந்தங்களை ஆக்கும் ஆலையொன்று அங்கு இயங்குகின்றது. அதற்கான அருமண் மூலகங்கள் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்திலிருந்து வருகின்றன. அருமண் மூலகங்களைச் சுத்திகரிக்கும் தொழிலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் உள்ளது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு மூலகங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, பிற நாடுகளின் தொழிற்சாலைகள் திகைத்து நின்றன.

மண்ணில் வளம் இருந்தும் அமெரிக்கா இந்நிலைக்கு வந்ததேன்? காரணங்களுள் ஒன்று கல்வி. சுரங்கப் பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் 1982இல் 25 ஆக இருந்தன. 2023இல் அவை 15 ஆகக் குறைந்துவிட்டன. சுரங்கங்கள் மூடப்பட்டபோது வகுப்பறைகளும் மூடப்பட்டன. ஒரு தலைமுறை கைவிட்ட அறிவை மீட்பதற்கு இன்று பெரும்பணம் செலவிடப்படுகின்றது.

பாலைவனம் தந்த படிப்பினை

1952இல் தொடங்கிய மவுண்டன் பாஸ் சுரங்கம், 1980களில் உலகின் அருமண் தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றியது. 1990களில் அதன் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, கதிரியக்கம் கலந்த நீர் பாலைநிலத்திற் கொட்டியது. மலிவான சீன இறக்குமதியும் சேர்ந்து நெருக்கவே, 2002இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அதனை மீளத் திறந்த நிறுவனம் 2015இல் வங்குரோத்தானது. கழிவைக் கவனியாத சுரங்கம் நிலத்தையும் கெடுக்கும், முதலையும் இழக்கச் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவேதான் பல்கலைக்கழக ஆய்வுகள் புதிய வழிகளைத் தேடுகின்றன. அமெரிக்க நிலக்கரிச் சாம்பலில் 1 கோடியே 10 இலட்சம் தொன் வரை அருமண் மூலகங்கள் உள்ளன என 2024இல் ஒஸ்ரின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இது அந்நாட்டின் அறியப்பட்ட நிலவளத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். இதில் ஒரு பகுதியை மட்டுமே பிரித்தெடுக்கலாம் எனினும், புதிதாய் ஒரு குழி தோண்டாமல் பழைய கழிவிலிருந்து செல்வம் காணும் சிந்தனை போற்றத்தக்கது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கண்டு வருந்தும் நாமும் இத்தகைய ஆய்வைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

எமது கரையின் நிலை

புல்மோட்டை மணலை அகழ்வதற்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நீரிற் சுழற்றிப் பாரமான மணலைப் பிரிப்பர். காந்தத்தால் இல்மனைற்றை ஈர்ப்பர். மின்னேற்றத்தால் ரூற்றைலையும் சேர்க்கோனையும் வேறாக்குவர். தோரியம் கலந்த மொனசைற்றைத் தனிக் கவனத்துடன் கையாள வேண்டும். போர் இத்தொழிலையும் விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில் அங்கு இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் தாக்கப்பட்டுப் பல உயிர்கள் பலியாயின.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இல்மனைற் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. அதனைத் தைத்தேனியமாக்கும் இலாபம் பிற நாடுகளுக்குரியது. கொக்கிளாயில் அகழ்வை விரிவாக்கும் முயற்சியைக் காணியிழக்கும் அச்சத்தால் மக்கள் எதிர்த்தனர். மன்னார்த் தீவில் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் மணல் ஆய்வும் அவ்வாறே எதிர்ப்பைச் சந்தித்துள்ளது. கடல் மட்டத்தினின்று சிறிதே உயர்ந்த அத்தீவில் மணலை அகற்றினால் குடிநீர்க் கிணறுகள் உவர்க்குமோ என்னும் கேள்வி நியாயமானது. ஆயினும் அதற்கு நிறுவனம் தரும் அறிக்கையை எடைபோட வல்ல நிலநீர் வல்லுநர் மக்கள் பக்கத்தில் இருந்தாலன்றி, நியாயமான கேள்வியும் வெறும் கூக்குரலாகவே ஒதுக்கப்படும்.

எமது பிள்ளைகளுக்கு

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியலும், பேராதனையில் புவிச்சரிதவியலும் கற்பிக்கப்படுகின்றன. இங்கே ஃபிரிஸ்கோவிற்கு அண்மையில், டென்ரன் நகரிலுள்ள வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் துறை உள்ளது. அதே பல்கலைக்கழகம் 2023இல் ஃபிரிஸ்கோவிலேயே ஒரு வளாகத்தைத் திறந்தது. எம்மவர் பிள்ளைகளோ பெரும்பாலும் கணினியையும் மருத்துவத்தையுமே நாடுகின்றனர். அகதியாய் வந்த பெற்றோர் நிலையான வருவாய் தரும் தொழிலை விரும்புவது இயல்பே. அதனைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆயினும் நூறு பிள்ளைகளுள் ஒருவரேனும் உலோகவியலையும் நிலநீரியலையும் அகழ்ந்த நிலத்தை மீட்கும் கலையையும் பயின்றால், மன்னாரிலும் கொக்கிளாயிலும் எழும் கேள்விகளுக்குத் துணை நிற்கும் குரல் ஒன்று கிடைக்கும்.

அலை கொணரும் மணலுக்கு உரிமை கோருவது எளிது. அதனைக் காப்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவைத் தேடும் வாய்ப்பு இன்று எம் வீட்டு வாயிலருகே உள்ளது. பெற்றோரே, இவ்வார விடுமுறையில் பிள்ளைகளோடு இதுபற்றி ஒருமுறை பேசிப் பாருங்கள்.