லைலத்துல் கத்ர்: பொருளும் கடைப்பிடிப்பும்

முன்னுரை

தமிழ் முஸ்லிம்கள் தம் சமயக் கடமைகள் பலவற்றைத் தமிழ்ச் சொற்களாலேயே வழங்கி வருகின்றனர். சலாத் தொழுகையாயிற்று, சவ்ம் நோன்பாயிற்று, மஸ்ஜித் பள்ளிவாசலாயிற்று. ஆயினும் ரமலான் மாதத்தின் தலையாய இரவு, 'லைலத்துல் கத்ர்' என்னும் அரபுப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. அதன் பொருளையும், தமிழர் வாழும் நாடுகளில் அது கடைப்பிடிக்கப்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள்

'லைலத்' என்பது இரவு. 'கத்ர்' என்பதற்கு மதிப்பு, அளவு, விதித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. 'கண்ணியமிக்க இரவு' என்னும் தமிழாக்கம் முதற்பொருளையும், 'விதியின் இரவு' என்பது இறுதிப்பொருளையும் மட்டுமே தருகின்றன. மூன்றையும் ஒருசேரச் சுட்டும் தமிழ்ச்சொல் அமையாமை, அரபுப் பெயர் நிலைத்தமைக்கு ஒரு காரணமாகலாம்.

திருக்குர்ஆனின் 97ஆம் அத்தியாயம் இவ்விரவைப் பற்றியது. ஐந்தே வசனங்கள் கொண்டது. குர்ஆன் அருளப்பட்டது இவ்விரவில் என்றும், இது ஆயிரம் மாதங்களினும் சிறந்தது என்றும், வானவர் இறங்கிவர வைகறை வரை அமைதி நிலவும் என்றும் அது உரைக்கிறது. ஆயிரம் மாதங்கள் என்பன 83 ஆண்டுகளும் 4 மாதங்களும் ஆகும். ஏறத்தாழ ஒரு நிறைவாழ்வின் அளவு.

மறைவும் தேடலும்

இவ்விரவு எது என்பது அறுதியிடப்படவில்லை. நபிகள் நாயகம் அதனை அறிவிக்க வந்தபோது இருவர் சச்சரவிட்டுக் கொண்டிருந்தமையால் அவ்வறிவு உயர்த்தப்பட்டது என்றும், அதுவே மக்களுக்கு நன்மையாகலாம் என்று அவர் கூறினார் என்றும் புகாரி தொகுப்பிலுள்ள நபிமொழி தெரிவிக்கிறது. ரமலானின் கடைசிப் பத்தில், ஒற்றைப்படை இரவுகளில் அதனைத் தேடுமாறு பணிக்கப்பட்டது. ஓராண்டு 21ஆம் இரவில் மழையால் பள்ளிவாசலின் ஈச்சங்கூரை ஒழுக, நபியவர்கள் சேற்றில் சிரம் பணிந்ததை அபூ சயீத் அல்குத்ரீ அறிவிக்கிறார். உபை இப்னு கஅப் என்னும் தோழரோ 27ஆம் இரவே அது என உறுதியாகக் கொண்டார்.

கடைப்பிடிப்பு

1801இல் நிறுவப்பட்ட பினாங்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களின் முயற்சியால் எழுந்தவை. இத்தகைய பள்ளிவாசல்களைச் சூழ்ந்து வளர்ந்த தமிழ்ச் சமூகத்தில் 27ஆம் இரவுக்கே தனிச்சிறப்பு. தராவீஹ் தொழுகையில் குர்ஆனை ஓதி நிறைவு செய்தல், பாவமன்னிப்பு வேண்டுதல், சஹர் வரை விழித்திருத்தல் ஆகியன வழக்கங்கள். சிலர் பத்து நாள்களும் பள்ளிவாசலில் தங்கி 'இஃதிகாஃப்' இருப்பர். அண்டை மலாய் மக்கள் அதே இரவில் வாசலில் எண்ணெய் விளக்குகள் ஏற்றுவதும் உண்டு. அது ஊர் வழக்கேயன்றிச் சமயக் கடமையன்று.

இஸ்லாமிய நாள் கதிரவன் மறைவில் தொடங்குவதால், 26ஆம் நோன்பு துறந்தபின் வருவதே 27ஆம் இரவு. சிங்கப்பூரில் வானியல் கணிப்பும் தமிழகத்தில் பிறை காண்டலும் மாதத் தொடக்கத்தை முடிவு செய்கின்றன. ஒருநாள் வேறுபட்டால், கடல்கடந்து வாழும் மகனுக்கு ஒற்றைப்படையாகும் இரவு, ஊரிலிருக்கும் தாய்க்கு இரட்டைப்படையாகிறது. எது மெய்யான இரவு என்னும் வினா அப்போது குடும்பத்திற்குள்ளேயே எழுகிறது.

முடிவுரை

அவரவர் ஊர்ப் பிறைக்கணக்கைப் பின்பற்றி, கடைசிப் பத்து இரவுகளிலும் முயல்வோர்க்கு இவ்வேறுபாடு இடையூறாவதில்லை. ஓர் இரவையே நம்பியிருப்போர்க்கே அது இழப்பாகத் தோன்றும். சச்சரவினால் மறைக்கப்பட்டதாகக் கூறப்படும் இரவைக் குறித்து மீண்டும் சச்சரவிடுதல் அந்நபிமொழியின் கருத்துக்கே முரணாகும். தேடலே வழிபாடாக வேண்டும் என்பதே அம்மறைவின் பயன் எனச் சமய அறிஞர் விளக்குவர்.