சாண்டோஸ் முதல் பெரியமேடு வரை: எலானோவின் கதை

பிரேசில் ஃபுட்பால் பிளேயர்னு சொன்னா நமக்கு உடனே பெலே, ரொனால்டினோ, நெய்மர்னு நாலஞ்சு பேர் தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அந்த நாட்டில் இருந்து ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கணக்கான பேர் பூட்ஸைத் தூக்கிக்கிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குக் கிளம்புறாங்க. நம்ம ஊரில் இன்ஜினியரிங் முடிச்சவங்க பெங்களூரு, துபாய், அமெரிக்கான்னு போற மாதிரி, அவங்களுக்கு உக்ரைன், துருக்கி, ஜப்பான், இந்தியா. அப்படிக் கிளம்பின ஒருத்தர் கடைசியில் நம்ம சென்னைக்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் எலானோ புளூமர். ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் பிளேயரின் கேரியர் எப்படி நகரும் என்பதைப் புரிஞ்சுக்க இவரை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

சின்ன ஊர், பெரிய கிளப்

எலானோ பிறந்தது 1981 ஜூன் 14-ல், சாவோ பாலோ மாநிலத்தில் உள்ள இராசெமாபோலிஸ் என்ற சின்ன ஊரில். குவாரனி, இன்டர் டி லிமேரா ஆகிய கிளப்புகளில் ஆடிவிட்டு 2001-ல் சாண்டோஸ் அணிக்குப் போனார். சாண்டோஸ் என்றால் பெலே ஆடிய கிளப். அங்கே ராபின்யோ, டியாகோ என்ற இரண்டு சின்னப் பசங்களும் அப்போதுதான் தலையெடுத்துக் கொண்டிருந்தார்கள். இந்த இளம் அணி 2002-ல் பிரேசில் சாம்பியன் ஆனது. 2004-ல் மறுபடியும் சாம்பியன்.

பேப்பரில் பெயர் வந்தது எல்லாம் ராபின்யோவுக்குத்தான். எலானோ மிட்ஃபீல்டர். ஓடி இடத்தை அடைப்பது, சரியான நேரத்தில் பாஸ் கொடுப்பது, கார்னர், ஃப்ரீ கிக் எடுப்பது என்று வேலை செய்கிற ஆள். ப்ராஜெக்ட் டீமில் பிரசன்டேஷன் கொடுக்கிறவன் ஒருத்தன், கோடு எழுதுகிறவன் இன்னொருத்தன் இருப்பானே, அதில் இவர் இரண்டாவது ரகம்.

ஐரோப்பா: மூன்று நாடு, மூன்று பாடம்

2005 ஆரம்பத்தில், 23 வயதில், உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் அணிக்குப் போனார். பனி கொட்டும் ஊருக்கு ஒரு பிரேசில்காரர் ஏன் போக வேண்டும்? ஷக்தார் அந்தக் காலத்தில் ஒரு தனி வழி வைத்திருந்தது. கோச் மிர்சியா லூசெஸ்கு, பிரேசிலில் இருந்து இளம் வீரர்களை அழைத்து வந்து, ஐரோப்பிய ஆட்டத்துக்குப் பழக்குவார். அணிக்குக் கோப்பை வரும், வீரருக்குப் பெரிய லீக்கின் கதவு திறக்கும், விற்கும்போது கிளப்புக்கும் லாபம். சர்வீஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுப் பெரிய கம்பெனிக்குத் தாவுகிற கணக்குதான்.

அங்கே இருக்கும்போதே தேசிய அணியிலும் இடம் கிடைத்தது. 2006 செப்டம்பரில் லண்டனில் நடந்த ஆட்டத்தில் பிரேசில் 3-0 என்று அர்ஜென்டினாவை வென்றது. அதில் இரண்டு கோல் எலானோவுடையது. 2007-ல் கோபா அமெரிக்கா வென்ற அணியிலும் இருந்தார்.

அதே 2007-ல் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. கவனிங்க, இது அபுதாபி பணம் வருவதற்கு முந்தைய சிட்டி. அந்த வருஷம் செப்டம்பரில் நியூகாசில் அணிக்கு எதிராகத் தூரத்தில் இருந்து அவர் அடித்த ஃப்ரீ கிக்கை யூடியூபில் தேடிப் பாருங்க. கோல்கீப்பர் தாவத்தான் முடிந்தது, தொட முடியவில்லை.

2008-ல் கிளப் கைமாறியது. கோச்சும் மாறினார். புது முதலாளி, புது மேனேஜர், புதுப் புது ஆட்கள் வந்தால் பழைய ஆளின் நிலைமை என்ன ஆகும் என்று ஆபீஸில் வேலை பார்க்கும் சீனியர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2009-ல் எலானோ துருக்கியின் கலாட்டாசரே அணிக்குப் போய்விட்டார்.

ஐந்து நிமிடம்

2010 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்கா. எலானோவுக்கு அப்போ 29 வயசு. மிட்ஃபீல்டருக்கு உச்சக் காலம். முதல் ஆட்டத்தில் வட கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இரண்டாவது ஆட்டத்தில் ஐவரி கோஸ்டுக்கு எதிராக 62-வது நிமிடம் இன்னொரு கோல். இரண்டு ஆட்டம், இரண்டு கோல்!

அடுத்த ஐந்து நிமிடத்தில் எதிரணி வீரரின் காலடி அவர் கணுக்காலுக்கு மேலே விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்த உலகக் கோப்பையில் மறுபடி ஆடவே இல்லை. காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-1 என்று தோற்று பிரேசில் ஊருக்குத் திரும்பியது. நமக்கு அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம். உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். எலானோவுக்கு அடுத்தது வரவே இல்லை.

2011-ல் சாண்டோஸுக்குத் திரும்பி, நெய்மரோடு சேர்ந்து தென் அமெரிக்காவின் பெரிய கிளப் கோப்பையான லிபர்டடோரஸை வென்றார். ஆனால் அதே வருஷம் கோபா அமெரிக்கா காலிறுதியில் பராகுவேயுடன் பெனால்டி ஷூட் அவுட். பிரேசிலுக்கு முதல் கிக் எலானோ. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. பின்னால் வந்த மூன்று பேரும் கோட்டை விட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் கொண்டாடிய அதே ரசிகர்கள் இப்போது கழுவி ஊற்றினார்கள்.

கொஞ்சம் ஃபிசிக்ஸ்

நின்ற பந்தை அடிப்பதில் மன்னன் என்று சொல்கிறோமே, அதில் என்ன வித்தை? கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எதிரணிச் சுவர் 9.15 மீட்டர் தள்ளி நிற்கும். நேராக அடித்தால் சுவர் மறைத்துவிடும். அதனால் பந்தின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடித்துச் சுழல விட வேண்டும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும். காற்று பந்தை எதிர்ப் பக்கம் தள்ளும். பந்து வளையும். இதுதான் மேக்னஸ் விளைவு. நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மனப்பாடம் பண்ணி எழுதுவதை, அவர் தினமும் நூறு பேர் முன்னால் காலால் எழுதிக் காட்டினார்.

சென்னைக்கு வந்தார்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. எட்டு அணிகள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒவ்வொரு அணிக்கும் கூட்டத்தை இழுக்க ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. சென்னையின் எஃப்.சி. அழைத்தது 33 வயது எலானோவை. 'ரிட்டையர் ஆகிற வயசில் காசு பார்க்க வர்றாங்க' என்று அப்போது பலர் பேசினார்கள்.

முதல் ஆட்டம் கோவாவில். ஃப்ரீ கிக்கில் கோல். அடுத்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கேரளாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோல். பிறகு மும்பையை 5-1 என்று நசுக்கிய ஆட்டத்தில் இரண்டு. காயத்தால் சில ஆட்டங்களை விட்டும், 8 கோலோடு லீக்கின் முதல் தங்கக் காலணி அவருக்குத்தான்.

2015-ல் மறுபடி வந்தார். அணி பட்டியலின் அடியில் கிடந்தது, பிறகு வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்க, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. கடைசியில் டிசம்பர் 20 அன்று கோவாவில் 3-2 என்று வென்று கோப்பை. அவருக்குப் பின்னாலும் பிரேசில்காரர்கள் வந்தபடியே இருந்தார்கள். 2018 இறுதிப் போட்டியில் பெங்களூருவை 3-2 என்று வென்றபோது சென்னை அடித்த மூன்று கோலும் பிரேசில் கால்கள் அடித்தவை: மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று.

எலானோ 2016-ல் சாண்டோஸில் ஆட்டத்தை முடித்தார். வயது 35. அடுத்த வருஷமே அதே கிளப்பில் இடைக்காலக் கோச். பிறகு, சின்ன வயதில் ஆடிய இன்டர் டி லிமேராவுக்கும் கோச்.

நமக்கு இதில் என்ன?

கூட்டிக் கழித்துப் பாருங்க. சுமார் 16 வருஷம், ஐந்து நாடு, பிரேசிலுக்காக 50 ஆட்டம், 9 கோல். நாம் முதல் வீட்டுக் கடனையே அடைத்து முடித்திருக்காத வயதில் ஒரு ஃபுட்பால் பிளேயரின் முதல் கேரியர் முடிந்துவிடுகிறது. அதற்குள் மொழி தெரியாத ஊர், கோச் மாற்றம், காயம், ரசிகர்களின் வசவு எல்லாம் பார்த்தாக வேண்டும். மிச்ச வாழ்க்கைக்கு இரண்டாவது தொழில் கட்டாயம் வேண்டும்.

விளாங்குடியில் சாயங்காலம் காலி மனையைப் பார்த்தால் கிரிக்கெட் ஸ்டம்ப்தான் நட்டிருக்கும், சரிதான். ஆனா மதுரையில் ஃபுட்பால் இல்லைன்னு யாரும் சொல்லிட முடியாது. நம்ம பக்கத்து சேது எஃப்.சி. பெண்கள் 2019-ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன்கள். நம்ம மாதிரியே காலேஜ், ஹாஸ்டல், பஸ் என்று அலையும் வயசுப் பொண்ணுங்க பலர் அதில் ஆடினார்கள்.

கூடல்நகரைத் தாண்டிப் போற பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினா விடிகாலை சென்னை. நேரு ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டத்தையாவது நேரில் பாருங்க. உங்க கிளாஸில் நல்லா ஃபுட்பால் ஆடுற ஒரு ஆள் இருந்தா, 'இதெல்லாம் சோறு போடுமா?'ன்னு கேக்காதீங்க. எத்தனை வருஷம் போடும், அதுக்கு அப்புறம் என்ன பண்ணப் போறேன்னு கேளுங்க. அவன் யோசிச்சு வச்சிருந்தா, மேட்ச் அன்னைக்கு அவனுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுங்க!