கெட்ஸரில் நின்றுபோன காற்றாலை

1973 நவம்பர் கடைசியில் டென்மார்க் அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் காலாற நடந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். அந்நாளைய படங்களைப் பார்த்தால் ஏதோ திருவிழா போலத் தோன்றும். வீட்டுக்குள் நிலைமை வேறு. நாட்டின் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெய். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கியது அது, மின் நிலையங்களில் பெரும்பாலும் எரிந்ததும் அது. அக்டோபரில் மூண்ட அரபு–இஸ்ரேல் போரை அடுத்து, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது.

எண்ணெய் விலை ஏறினால் மாற்று எரிசக்திப் பேச்சும் ஏறும். விலை இறங்கினால் பேச்சும் அடங்கும். டென்மார்க்கிலேயே அப்படி ஒருமுறை அடங்கியிருந்தது.

நாட்டின் தென்கோடியில் கெட்ஸர் என்ற ஊர். அங்கே 1957இல் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார் யோகன்னஸ் யூல். அப்போது அவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். பதின்வயதில் அவர் காற்று மின்சாரம் படித்தது பவுல் ல கூர் என்ற ஆசிரியரிடம். 1890களிலேயே அஸ்கோவ் பள்ளியில் காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனைச் சேமித்து விளக்கெரித்தவர் ல கூர். ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்ஸிஜன் கலந்து வெடித்ததில் பள்ளியின் சன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். பசுமை ஹைட்ரஜனை இன்று புதுச்சரக்காகப் பேசுகிறவர்களைக் கண்டால் மனிதர் சிரித்திருப்பார்.

யூலின் கெட்டிக்காரத்தனம் எளிமையில் இருந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும். அம்மியைப் பறக்கவைக்கிற ஆடிக்காற்றுக்கு இறக்கை எந்த மூலை? ஆகவே காற்றாலை கட்டுகிறவனுக்குத் தலைவலி மந்தக் காற்றல்ல, புயல்தான். யூல் இறக்கைகளை நடுவிலுள்ள குடத்தோடு அசையாமல் பிணைத்தார். காற்று அளவு மீறும்போது அது இறக்கையில் மோதும் கோணம் கூடிவிடும். இறக்கையின் முதுகை ஒட்டி வழுக்கிப்போன காற்று அப்போது விலகிச் சுழித்துக்கொள்ள, தூக்குவிசை குறைந்து, ஆலை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அதையும் மீறி வேகமெடுத்தால் இறக்கை நுனிகள் திரும்பிக்கொண்டு தடை போடும்.

மின்னாக்கியும் அப்படி எளிமையானதுதான். நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மும்முனை மோட்டார் இருக்கிறதே, ஏறக்குறைய அதே இனம். மின்கம்பியோடு இணைந்த அந்த மோட்டாரை அதன் இயல்பான வேகத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றிவிட்டால், மின்சாரம் வாங்குவதை விட்டுக் கொடுக்கத் தொடங்கிவிடும். வேகமும் கம்பியிலுள்ள மின்சாரத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டே நிற்கும்.

கெட்ஸர் ஆலை பெரிய பழுது பார்ப்பு இல்லாமல் பத்தாண்டுகள் ஓடியது. 1967இல் நிறுத்திவிட்டார்கள். குற்றம் ஆலையிடம் இல்லை, எண்ணெய் அவ்வளவு மலிவு. யூல் 1969இல் இறந்தார். விலை ஏறுவதைப் பார்க்க அவருக்கு இன்னும் நான்கு வருடம் ஆயுள் போதவில்லை.

விலை ஏறிய பிறகு, 1970களின் பிற்பாதியில், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆர்வத்தால் அந்தப் பழைய ஆலையைத் தூசிதட்டி ஓட்டி அளந்தார்கள். அதே சமயம் கிறிஸ்டியன் ரிசாகர் என்ற தச்சர் யூலின் வடிவத்தைச் சிறிதாக்கி 22 கிலோவாட் ஆலைகள் செய்தார். விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ் நிறுவனமும் 1979இல் மூன்று இறக்கை ஆலைக்கு மாறியது. ஜெர்மனியில் எடுத்த எடுப்பில் 3 மெகாவாட், நூறு மீட்டர் உயரம் என்று ‘குரோவியான்’ என்ற காற்றாலை எழும்பியது. 1987 வரை அது ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் மூன்று வாரம் தேறாது. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக நிற்கும் ஆலைகளின் முகம் தச்சர் வழி வந்த முகம். மூன்று இறக்கை, காற்றை எதிர்த்த பார்வை.

ஒன்றை மறைக்கக் கூடாது. எண்ணெய் விலையேற்றத்துக்கு டென்மார்க் மின் நிலையங்கள் கண்ட முதல் மாற்று காற்றல்ல, நிலக்கரி. 1980களில் அவற்றில் பெரும்பாலும் கரிதான் எரிந்தது. வடகடலில் சொந்த எண்ணெயையும் எடுத்தார்கள். காற்று மெல்லத்தான் வளர்ந்தது.

1986இல் எண்ணெய் விலை மளமளவென்று சரிந்தது. கெட்ஸர் கதை திரும்பியிருக்க வேண்டிய ஆண்டு அது. ஆனால் அரசு எரிபொருள் வரியை உயர்த்தி, மக்கள் கொடுக்கும் விலை இறங்காமல் பிடித்துக்கொண்டது. ஓட்டு வாங்கித் தருகிற வேலையல்ல அது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. இத்தனைக்கும் அன்று ஞாயிற்றுக்கிழமை நின்றுபோன கார்களைக் காற்றாலை வெகுகாலம் தொடவேயில்லை. 2024இல்தான் அங்கே விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்களாயின.