சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தால் வேலை வருமா?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பல வீடுகளில் கவலை குடியேறுகிறது. சட்டப்படி இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வயது வரைதான். சிறப்புப் பள்ளி விடைகொடுத்து அனுப்பிவிடுகிறது. தகப்பனார் ஆபீசுக்கோ ஆலைக்கோ போன பின் பிள்ளை நாள் முழுதும் ஒற்றை அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. சொந்த ஊரிலாவது பாட்டி, பெரியம்மா, தெருக்காரர்கள் என்று நாலு பேர் உண்டு. பிழைக்க வந்த ஊரில் அதுவும் இல்லை.

"எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்று பெற்றோர் ஏங்குகிறார்கள். "இவனால் என்ன வேலை செய்ய முடியும்?" என்ற கேள்வியை அதற்கு முன்னதாகவே கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லவே அரசாங்கச் செலவில் சில அமைப்புகள் இருக்கின்றன.

மத்திய அரசு 1968-ல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. பின்னர் டில்லி, பெங்களூர், கல்கத்தா, ஆமதாபாத், சென்னை முதலிய நகரங்களிலும் அவை வந்தன. இன்று அவற்றின் பெயர் 'நேஷனல் கேரியர் சர்வீஸ் சென்டர் ஃபார் டிஃபரன்ட்லி ஏபிள்டு'. வருகிறவரின் கைத்திறனைச் சோதித்து, ஏற்ற தொழிலைச் சொல்லி, பயிற்சிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவது இவற்றின் பணி. கட்டணம் கிடையாது.

ஒரு சதவீதத்தின் கதை

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. பார்வையற்றோர், காது கேளாதோர், மூளை முடக்குவாதம் உள்ளிட்ட உடல் இயக்கக் குறையுடையோர் ஆகியோருக்கே அது போயிற்று. மனவளர்ச்சி குன்றியோருக்கு அதில் பங்கே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி, முதன்முறையாக இவர்களுக்கும் இடம் கொடுத்தது. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட பட்டியலில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என 3,566 பதவிகள் குறிக்கப்பட்டுள்ளன.

கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த ஒரு சதவீதம் அறிவுசார் குறையுடையோருக்கு மட்டும் உரியதல்ல. ஆட்டிசம் உள்ளோர், கற்றல் குறைபாடு உள்ளோர், மனநோய் உள்ளோர், பலவகை ஊனம் உள்ளோர் ஆகியோருக்கும் அது பொது. பட்டம் படித்து எழுத்துத் தேர்வில் தேறக்கூடியவரும், கூட்டல் கணக்கே தடுமாறுகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யார் முந்துவார் என்று சொல்லத் தேவையில்லை. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் கடிதம் வருமென்று காத்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது.

அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வளர்ச்சிக் குறையும் அறிவுசார் குறையும் ஆட்டிசமும் உள்ளோருக்குத் தனித் தொழிற்பயிற்சி வேண்டும், அது சந்தையோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது அது.

கூடவே ஓர் ஆள்

இவர்களுக்குப் பலன் தருவது எது என்பது தெரிந்த விஷயமே. வேலையிடத்துக்குப் பயிற்சியாளர் ஒருவர் கூடவே போக வேண்டும். ஒரு வேலையைப் பத்துச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கைப்பழக்கமாக்க வேண்டும். தாளை எண்ணுவது, கவரில் போடுவது, ஒட்டுவது, அடுக்குவது என்று போகும் அது. பழகப் பழகப் பயிற்சியாளர் விலகிக்கொள்வார். இந்தப் பணியை இன்று பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே செய்கின்றன. அரசு மையங்களிலும் இதற்கென ஆட்களை நியமிக்கும்படி கேட்பது பிச்சையல்ல. சட்டம் சொன்னதைக் கேட்பதுதான்.

வெளிமாநிலத்தில் இருப்போர் கவனிக்க

தமிழ்நாட்டில் வாங்கிய ஊனச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சட்டப்படி அது நாடு முழுவதும் செல்லும். சான்றிதழ் எடுக்காதவர்கள் வசிக்கும் முகவரிக்குச் சான்று காட்டி இங்கேயே விண்ணப்பிக்கலாம். குறை 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒதுக்கீடு கிடைக்கும்.

பரிசோதனையில் மொழியும் முக்கியம். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் இந்தியில் கேட்டால் விழிக்கத்தான் செய்யும். தமிழ் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கும்படி பெற்றோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னொரு பயம். பிள்ளை சம்பாதித்தால், தங்களுக்குப் பின் அவனுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் போய்விடுமே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 2021-ல் அந்த விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பிற வருமானம், அவனுக்கு உரிய சாதாரண விகித ஓய்வூதியத்தை விடக் குறைவாக இருந்தால் ஆயுள் முழுதும் ஓய்வூதியம் கிடைக்கும். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்ததே அந்த வரம்பு. சிறு சம்பளத்துக்கு அஞ்சிப் பிள்ளையை முடக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளையானால் வாசற்படி தாண்டுவதே அரிதாகிறது. அவளுக்கும் இதே சட்டம், இதே மையம், இதே உரிமை. பள்ளி முடிந்த மறுவாரமே பிள்ளையை அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போவதுதான் முதல் வேலை. வருஷங்கள் வீட்டுக்குள் கழிந்தால், பள்ளியில் கற்றதும் மறந்துபோகும்.